எதிர்வீட்டுக் கணக்கு

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறையில் கொழும்புக்கு வருகின்ற நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னும் கிராண்ட்பாஸிலா இருக்கிறீர்கள்?" கேள்வியில் பாதி ஆச்சரியம், பாதி அனுதாபம். பட்டதாரி, முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன், பிள்ளைகளையும் படிப்பித்து முடித்துவிட்டான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்காவது போயிருக்க வேண்டாமா என்பது அதன் உட்பொருள். கொழும்புத் தமிழரின் முன்னேற்றத்துக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, அதன் பின்னர் கட்டுநாயக்க விமான நிலையம்.

நான் இங்கேயே தங்கிவிட்டதில் தியாகம் எதுவும் இல்லை. அலுவலகத்துக்கு நடந்து போகலாம். பத்திரிகைச் சம்பளம் எத்தகையது என்பதும் தொழிலை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால், இங்கே இருந்தபடியால் ஒரு விடயத்தை அருகில் இருந்து பார்க்கக் கிடைத்தது. கையில் காசு இல்லாத மனிதர்கள் எதைத் தமது சொத்தாகக் கருதுகிறார்கள் என்பதே அது. அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கிராண்ட்பாஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் காலத்தின் மிச்சம். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டு ஒரு பாலம் இருந்தது. 1895 இல் விக்டோரியா பாலம் வந்தபின் அது மறைந்தது. 1930 இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரியின் முகவரியாகப் பல தசாப்தங்கள் விளங்கியதும் கிராண்ட்பாஸ் வீதிதான். துறைமுகத்துக்கு அண்மையில் இருப்பதால் பண்டசாலைகளும், ஆலைகளும், அவற்றுக்கு உழைப்பைக் கொடுத்த மனிதர்களும் இங்கே நிறைந்தார்கள். மலையகத்திலிருந்து வந்த தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலாய்க்காரர் என்று எல்லோரும் ஒரே முடுக்கில் இருப்பார்கள். முடுக்கு என்பது கொழும்புத் தமிழ். இரண்டு வரிசை வீடுகள், இடையில் இருவர் முட்டாமல் போகக்கூடிய நடைபாதை. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் எதிர்வீட்டுக்கு மட்டுமன்றி முடுக்கின் கடைசி வீட்டுக்கும் தெரியும். ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் தெரியும்.

எங்கள் வீதியை ஒட்டிய ஒரு முடுக்கில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். வீட்டு வேலைக்குப் போகிறவர். அவருடைய ஒரே சொத்து மூன்று பவுண் சங்கிலி. 2022 இல் நாடு வங்குரோத்தான காலத்தில், எதிர்வீட்டு முஸ்லிம் பெண்ணின் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போவதற்குப் பணம் தேவைப்பட்டது. அந்த வீட்டில் அடைவு வைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இவர் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. பையன் போனான். சொல்லப்பட்ட வேலை அங்கே இருக்கவில்லை. சில மாதங்களில் திரும்பிவிட்டான். எதிர்வீட்டுப் பெண் ஒரு வருடம் வரை வட்டியைக் கட்டிப் பார்த்தார். பிறகு முடியவில்லை. சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது.

கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "தங்கச்சி, பிள்ளைகள் இருக்கின்ற நீங்கள் எதற்காகக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அண்ணே, 2016 வெள்ளத்துக்கு என்ட பிள்ளைங்க ரெண்டும் ஏழு நாளு அவங்க மேல்தட்டுலதான் கெடந்துச்சு. சாப்பாடும் அவங்கதான், உடுப்பும் அவங்கதான். அதுக்கு நான் என்னா வட்டி கட்டினேன்?"

அந்த ஆண்டு மே மாதம் களனி பெருகியபோது ஆற்றோரப் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் வந்ததை அறிந்தவர்களுக்கு, பலகை அடித்த ஒரு மேல்தட்டின் பெறுமதி என்னவென்று தெரியும். ஆனாலும் கதை அவ்வளவு இனிமையாக முடியவில்லை. சங்கிலி போன பின்னர் இரண்டு வீட்டாரும் மூன்று மாதம் பேசவில்லை. குழாயடியில் சண்டை வந்தது. பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வந்தன. சாதி, மதமும் கொஞ்சம் வந்தன. கடைசியில், அந்த முடுக்கில் சீட்டுப் பிடிக்கும் மூத்த பெண்மணி ஒருவர் தலையிட்டார். புதிய சீட்டின் முதல் குலுக்கலை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது, அந்தத் தொகை அப்படியே சங்கிலிக்காரிக்குப் போவது, மற்றவர்கள் ஆட்சேபிக்காமல் தத்தம் முறைக்குக் காத்திருப்பது என்று முடிவாயிற்று. சங்கிலியின் இன்றைய விலையில் அது பாதிகூட வராது. தங்கம் போகிற போக்கில் மூன்று பவுண் இனி அந்தக் கழுத்துக்கு வரப்போவதில்லை. ஆனால் இரண்டு கதவுகளும் திறந்தன.

கணக்காய்வாளர் ஒருவரிடம் இதைக் கொடுத்தால் நட்டம் என்றுதான் எழுதுவார். அவர் எழுதுவது பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால், அவருடைய பேரேட்டில் அந்த ஏழு நாள் மேல்தட்டுக்கு ஒரு பத்தி இல்லை. நாளை அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கப்போவது யார் என்பதற்கும் பத்தி இல்லை. கிராண்ட்பாஸில் தாராள மனம் என்பது மிஞ்சியதைக் கொடுப்பதாக நான் அதிகம் கண்டதில்லை. மிஞ்சுவதற்கு இங்கே எதுவும் இல்லை. தனக்கும் தேவையான ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக என்றோ ஒருநாள் யாரோ வருவார்கள் என்ற நம்பிக்கையில் இருப்பதே இங்குள்ள வழக்கம். சீட்டும், கைமாற்றும், மரணாதார சங்கமும் இந்த நம்பிக்கையின் மீது கட்டப்பட்டவை. மாதாமாதம் சிறு தொகை கட்டுகிறார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கொட்டகை, கதிரைகள், தேநீர், கைச்செலவு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. செத்தவர் எந்த மதம் என்பதைப் பார்த்துச் சடங்கு மாறுமே தவிரக் கதிரை மாறாது.

இந்த நம்பிக்கைக்குப் பணத்தைவிடப் பெரிய சோதனைகளும் வந்திருக்கின்றன. 1983 ஜூலையில் நான் பள்ளிக்கூட மாணவன். கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, தம் உயிருக்கும் ஆபத்து என்று தெரிந்துகொண்டே அயலாரைத் தம் வீட்டுக்குள் மறைத்து வைத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். பட்டியலோடு வந்தவர்களுக்கு வழிகாட்டிய அயலாரும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் கொழும்பு வடக்கில் பல வீடுகளில் இழவு. இரண்டு வாரம் கழித்து நோன்பு தொடங்கியது. எங்கள் பகுதிப் பள்ளிவாசல்களில் அஸர் தொழுகைக்குப் பின் நோன்புக் கஞ்சி கொடுப்பது நெடுநாள் வழக்கம். வாளியும் பாத்திரமுமாக நிற்கும் வரிசையில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் எப்போதும் நிற்பார்கள். அந்த ஆண்டு வரிசை குட்டையாக இருந்தது. கொடுக்கப் பலருக்குத் தயக்கம், வாங்கப் பலருக்கு மனமில்லை. எங்கள் வீதியில் ஒரு கத்தோலிக்க மூதாட்டி மட்டும் வழக்கமான தூக்குச்சட்டியோடு போய் நின்றார். எதையும் நிரூபிக்கப் போனவர் அல்லர். இருபது வருடமாகப் போகிறவர், அன்றும் போனார். அடுத்தடுத்த நாட்களில் வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். வாங்குவதற்கும் ஒரு பெரிய மனம் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

2022 இன் நெருக்கடியை நினைவுபடுத்தத் தேவையில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கியது ஏறத்தாழ 195 ரூபா. கூலி அதே கூலி. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலிருந்து வரிசை. அக்காலத்தில் முடுக்குகளில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே விறகடுப்பில் சமைத்தன. அரிசி ஒருவர், பருப்பு ஒருவர், விறகு தேடி வந்தவர் இன்னொருவர். மூலைக்கடை முதலாளிகளின் கடன் கொப்பிகள் தடித்தன. அவர்களில் சிலர் கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். மொத்த வியாபாரியிடம் அவர்களே கடனாளிகள். போகவில்லை. பாணைக் கால் றாத்தலாக வெட்டி விற்றார்கள்.

இதே காலத்தில் ஆசிரியபீடத்துக்கு நாள்தோறும் வேறொரு வகைக் கொடை பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. பத்திரிகைக்காரர்கள் அனைவருக்கும் இந்தப் படம் பரிச்சயம். நடுவில் ஒரு உலர் உணவுப் பொதி. அதை வலப்பக்கம் நால்வர், இடப்பக்கம் நால்வராகப் பிடித்திருப்பார்கள். பெறுபவர் ஒருவர், குனிந்த தலையோடு. பின்னால் பதாகை, பதாகையில் பொதியைவிடப் பெரிய முகம். பெயர்கள் வரிசைக்கிரமமாகத் தரப்பட்டிருக்கும், பொதியைப் பெற்றவரின் பெயரைத் தவிர. உதவி கிடைத்தது உண்மை, அரிசி வெந்தது உண்மை. ஆகவே முற்றாகப் பழிக்கவும் முடியாது. ஆனால், அந்தப் பொதியை வாங்கிய பெண் அடுத்த வாரம் பத்திரிகையில் பொதி சுற்றி வந்த கடைக்காரரிடம் போய் நிற்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22 ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23 ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஊரோடு ஒத்துப் பகிர்ந்து வாழ்வது ஒன்று. இல்லாதவருக்குக் கொடுப்பது மற்றொன்று. முதலாவதை முதலில் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 24 ஆவது அதிகாரம் புகழ். நம்மவரில் சிலர் புத்தகத்தை அந்த இடத்தில்தான் திறக்கிறார்கள்.

நல்ல மனத்தோடு கொடுத்தாலும் தூரத்தில் நின்று கூட்டத்துக்குக் கொடுக்கும்போது என்ன நேரலாம் என்பதற்கு மாளிகாவத்தை சாட்சி. 2020 மே 21, ஊரடங்கால் கூலிவேலை இல்லாமற்போன காலம். பெருநாளுக்கு முன் ஒரு செல்வந்தர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்தார். செய்தி பரவி, பெருங்கூட்டம் திரண்டு, நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். கொடுத்தவரின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த மூன்று பெண்களும் அந்தப் பணத்துக்காக அந்த வாசலில் நெரிபட வேண்டிய நிலை வந்ததே, அதைத்தான் நினைக்கிறேன். வீட்டைத் தெரிந்தவன் கொடுத்திருந்தால் கூட்டம் கூடியிருக்காது.

வீட்டைத் தெரிந்திருப்பது என்று சொல்லும்போதே இன்றைய கிராண்ட்பாஸின் பெரிய பிரச்சினைக்கு வந்துவிடுகிறோம். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாகவும், அவை ஏறத்தாழ 900 ஏக்கர் நிலத்தில் இருப்பதாகவும் கணக்கிட்டு, அக்குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. பெறுமதி மிக்க நிலத்தை விடுவிப்பது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதை அதிகாரிகள் மறைக்கவில்லை. தெமட்டகொட, ஹேனமுல்ல முதலிய இடங்களில் பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. சுமார் 400 சதுர அடி வீடு, தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர்.

முடுக்கு சொர்க்கம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பொதுக் கழிப்பறைக்கு இரவில் போகப் பயந்த பெண்பிள்ளைகள், மழைக்குக் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்த முதியவர்கள், போதைப்பொருள், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் போட்ட வழக்கு எல்லாம் அங்கேதான் இருந்தன. தனிக் கழிப்பறையை வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. வறுமையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்களை ஒரு வாரம் முடுக்கில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால், மாற்றத்தில் விடுபட்டது எது என்பதை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புகளின் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வீடுகள் பலவேளைகளில் சீட்டுக் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. எதிர்வீட்டுக்காரர் ஒன்பதாம் மாடிக்கும் நீங்கள் இரண்டாம் மாடிக்கும் போகலாம். வாசலில் இடியப்பம் விற்றவருக்கு வாசல் இல்லை. கடன் கொப்பி வைத்திருந்த கடைக்காரர் வேறிடத்தில். மின்தூக்கி பழுதானால் மேல்மாடி முதியவர்கள் சிறைப்பட்டார்கள். மாதாந்தத் தவணையும் தண்ணீர், மின்சாரக் கட்டணங்களும் ஒழுங்காக வந்தன. கைமாற்றுக் கேட்கத்தான் கதவு தெரியவில்லை. அந்தக் குடும்பங்களின் கையில் முன்பைவிடப் பெறுமதியான ஒரு சொத்து இருந்தது. ஆனால், ஒரு அவசரத்தில் அவர்கள் முன்பைவிட ஏழைகள்.

இது தவிர்க்க முடியாத விலை என்று சொல்பவர்களுக்கு நவகம்புரவைக் காட்டுவேன். அதுவும் கிராண்ட்பாஸை ஒட்டியதுதான். 1980களில் ரணசிங்க பிரேமதாசவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்கீழ் அங்கே குடும்பங்களுக்குச் சிறு காணித்துண்டும் சிறு கடனும் கொடுத்தார்கள். வீட்டை அவர்களே கட்டினார்கள். ஒருவர் மேசன், ஒருவர் தச்சர், மற்றவர்கள் கல் சுமந்தார்கள். வடிகால், பாதை முதலியவற்றில் சமூக அபிவிருத்திச் சபைகளுக்குச் சொல்லுரிமை இருந்தது. குறைகள் நிறைய, அரசியலும் நிறைய. ஆனால், கட்டி முடிந்தபோது வீட்டோடு அயலும் கட்டப்பட்டிருந்தது. அரசாங்கம் நினைத்தால், ஒரே முடுக்குக்காரர்களை ஒரே மாடியில் குடியேற்றுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. யாரிடமாவது கேட்டுவிட்டுப் பட்டியல் போட்டால் போதும்.

அரசாங்கத்தை விட்டுவிடுவோம். முடுக்குக்காரர்களை மாடிக்கு ஏற்றியது அதிகாரசபை. நம்மை ஏற்றியது யார்? வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில், ஒரே தளத்தில் பத்து வருடம் இருந்தும் எதிர்க்கதவுக்காரரின் பெயர் தெரியாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வெளிநாடுகளில் நிலைமை எப்படி என்பதை வாசகர்களே அறிவீர்கள். பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு ஹெலிகொப்டர் பிடித்தவர்களின் காணொளிகளை இங்கே முடுக்கில் இருப்பவர்களும் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், சிலர் ஆசைப்படுகிறார்கள், சிலர் அதற்காக வட்டிக்கும் கடன் வாங்குகிறார்கள். சேமிப்பதையும் நல்ல வீடு வாங்குவதையும் நான் பழிக்கவில்லை. சங்கிலி உள்ளவளால்தான் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்க முடிந்தது. ஆனால், கழற்றிக் கொடுக்கும் தூரத்தில் யாரும் இல்லாதபடி நம் வாழ்க்கையை நாமே அமைத்துக்கொள்கிறோம். அதைப் பாதுகாப்பு என்று அழைக்கிறோம். அதற்காகவே கடனும் கட்டுகிறோம்.

சென்ற வருடம், புலம்பெயர்ந்த நாடொன்றிலிருந்து வாசகர் ஒருவர், தாயாரின் நினைவாகக் கிராண்ட்பாஸில் ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதினார். பயனாளிகளின் பட்டியல் அனுப்பும்படி கேட்டார். முடுக்கில் சீட்டுப் பிடிக்கும் அந்தப் பெண்மணியிடம் ஆலோசனை கேட்டேன். "பட்டியல் எல்லாம் எழுத வாணாம். கடைக் கொப்பிய அடைச்சு விடச் சொல்லுங்க" என்றார். அப்படியே செய்தோம். மூலைக்கடை முதலாளி, மிகவும் கஷ்டத்தில் உள்ள பதினொரு வீடுகளின் பழைய கடனை அன்றிரவே சிவப்புப் பேனையால் வெட்டினார். யார் கொடுத்தது என்று எவருக்கும் சொல்லவில்லை. எந்தெந்த வீடுகள் என்று எனக்கும் சொல்லவில்லை. தன் பங்குக்கு இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

பணம் அனுப்பியவர் நன்றி தெரிவித்து, நினைவுக்கு ஒரு படம் இருந்தால் நல்லது என்று கேட்டார். கேட்பதில் பிழையில்லை. கொப்பியின் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன்.